மணி அடித்தது, என் காதில் விழவில்லை

"ரிசீவரைக் காதுல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதுக்கு ஒரு சம்பளமா மதினி?" என்று என் நாத்தனார் கேலி செய்வாள். 1990ல் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஆபீசில் நான் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்த புதிது. வெளி லைன் 3, உள்ளே 24 போன். சுவரில் ஒரு பெட்டி, என் மேஜையில் விளக்கும் பொத்தானுமாக ஒரு போர்டு. வடக்கேயிருந்து வரும் ஆர்டர் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் முதலாளியிடம் போகும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று மூன்று வருஷம் நான் எட்டிப் பார்த்ததே இல்லை. நமக்கெதற்கு அந்த வம்பு என்று இருந்துவிட்டேன்.

1993 சித்திரை மாதம். முந்தின நாள் சாயங்காலம் நல்ல கோடை இடி, மழை பேருக்குத்தான். மறுநாள் காலையில் முதல் லைனில் ஒரு அழைப்பும் இல்லை. மற்ற இரண்டும் வேலை செய்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. 'இன்னிக்குக் கூட்டம் கம்மி' என்று சந்தோஷப்பட்டேன் என்றால் பாருங்களேன்!

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து நின்றான். "அக்கா, தம்பிக்கு வலிப்பு வந்திருச்சு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாக."

என் மகனுக்கு அப்போது இரண்டரை வயது. நான் போய்ச் சேர்ந்தபோது கண் விழித்துவிட்டான். காய்ச்சல் ஏறினால் சில குழந்தைகளுக்கு இப்படி வரும், பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் நின்றுவிடும் என்றார் டாக்டர். "கையில இரும்புச் சாவியெல்லாம் வேண்டாம். வாயிலயும் ஒண்ணும் வைக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. அஞ்சு நிமிஷத்துக்குள்ள நிக்கலைன்னா ஓடி வந்திருங்க" என்றார்.

அத்தைதான் ஆறவில்லை. "எஸ்.டி.டி. பூத்துல இருந்து நாலு தடவை அடிச்சேன். மணி அடிக்குது, அடிக்குது, நீ எடுக்கவே இல்லையே தாயி!" என்றார்கள். அந்தக் கேள்வி என்னை எத்தனையோ நாள் தூங்கவிடவில்லை. நான் போர்டை விட்டு எழுந்திருக்கவே இல்லையே!

இடியில் கருகிய பகுதியை மாற்ற மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் தம்பிதான் விளக்கினான். "அக்கா, கூப்பிடுறவங்க காதுல கேக்குறது நம்ம மணி இல்ல. அந்த ட்ரிங் ட்ரிங் சத்தத்தை எக்ஸ்சேஞ்சே தனியா அனுப்புது. நம்ம பெட்டியில கார்டு செத்துக் கிடந்தாலும் அங்க மணி அடிச்சுக்கிட்டேதான் இருக்கும்."

அன்றைக்கே முடிவு செய்தேன், இனி இந்தப் பெட்டியை நம்பி உட்கார்ந்திருக்கப் போவதில்லை என்று. மறுநாளிலிருந்து ஆபீசுக்குள் நுழைந்ததும் இரண்டாவது லைனிலிருந்து முதல் லைனுக்கு, அதிலிருந்து மூன்றாவதற்கு என்று நானே போட்டுப் பார்ப்பேன். இரண்டு நிமிஷ வேலை. வாசல் தெளித்துக் கோலம் போடுகிற மாதிரி அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

தம்பியைக் கேட்டுக் கேட்டு மற்றதையும் படித்தேன். ஒரு போன் மட்டும் பேசவில்லையா, போன், ஒயர், பெட்டி இந்த மூன்றில் ஒன்று. நன்றாக இருக்கிற போனைக் கொண்டுபோய் அந்த இடத்தில் மாட்டிப் பார்க்க வேண்டும். பேசினால் பழைய போன்தான் குற்றவாளி. பேசவில்லை என்றால், பெட்டிக்குப் பக்கத்தில் ஒயர்கள் எல்லாம் வந்து சேருகிற சட்டத்திலேயே போனை மாட்டிப் பார்க்க வேண்டும். அங்கே பேசினால் நடுவில் ஒயரில் கோளாறு. (எங்கள் குடோன் லைனை எலி கடித்ததை இப்படித்தான் கண்டுபிடித்தேன்.) வரிசையாக எட்டுப் போன் ஒரே சமயத்தில் படுத்தால் எட்டுக்கும் பொதுவான கார்டு. எல்லாமே படுத்துவிட்டால் முதலில் கரண்டு, பியூஸ், பேட்டரி. அரிசியில் குறையா, அடுப்பில் குறையா என்று நாம் பார்ப்பதில்லையா, அதே கணக்குத்தான். ஆனால் பெட்டியின் மூடியை மட்டும் தொட்டதில்லை. சாதாரணமாக ஒயரில் இருப்பது 48 வோல்ட்டுதான் என்றாலும், மணி அடிக்கும்போது 75 வோல்ட்டு, அதற்கு மேலும் வரும், கையை உதறிவிடும்.

இவ்வளவு படித்தும், அடுத்த வருஷம் கோடையில் இரண்டே மாதத்தில் மூன்று கார்டு கருகிற்று. மிச்ச லைன்களில் வண்டு ரீங்காரம் மாதிரி ஓர் இரைச்சல். கார்டு விலை கொஞ்சமா? "அந்தம்மா எதையாவது அமுக்கி வைக்குதோ என்னவோ" என்று முதலாளி கணக்குப்பிள்ளையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. இது பழைய கதைதான். அமெரிக்காவில் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர், சவ அடக்கத் தொழில் செய்தவர். தனக்கு வரும் அழைப்புகளை ஆபரேட்டர் பெண் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறாள் என்று சந்தேகப்பட்டு, ஆபரேட்டரே வேண்டாத தானியங்கி இணைப்புக் கருவியைக் கண்டுபிடித்தாராம். 1891ல் காப்புரிமையே வாங்கிவிட்டார். சந்தேகம் எப்போதும் போர்டில் உட்கார்ந்திருப்பவள் மேல்தான்! வேலை போய்விடும் என்றே பயந்தேன். என் சம்பளத்தில்தான் பால், மருந்து எல்லாம்.

வழி காட்டியவர் வாட்ச்மேன் தாத்தா. கரிசல்காட்டில் பருத்தியும் கம்பும் போட்டு, மழை பொய்த்துக் காவல் வேலைக்கு வந்தவர். ஒருநாள் மத்தியானம், "இங்கன வந்து பாரு தாயி" என்று பின்பக்கம் கூட்டிப் போனார். கட்டடத்துக்கு எர்த் கொடுக்கப் புதைத்த இரும்புக் குழாயைச் சுற்றி நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கையை உள்ளே விடலாம், அவ்வளவு வெடிப்பு. "கரிசல் கோடையில சுருங்கிரும்லா. குழாயை மண்ணு பிடிக்கவே இல்ல. இது நட்டும் நடாத மாதிரித்தான்."

நான்கு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினோம். ஒரு மணி நேரம் கழித்து ரிசீவரை எடுத்தால் ரீங்காரம் பாதியாகக் குறைந்திருந்தது!

தம்பி மீட்டர் கொண்டுவந்து அளந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். இடி மின்னலில் லைன் வழியாக வரும் மின்சாரத்தை மண்ணுக்குள் தள்ளிவிடத்தான் எர்த். கண்மாய்க்கு மறுகால் மாதிரி. மறுகால் அடைபட்டால் கரை உடையத்தானே செய்யும்? இங்கே உடைந்தது கார்டு. இன்னொரு குழி ஆழமாகத் தோண்டி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் ஊற்ற வாய் வைத்துச் சிமெண்டுத் தொட்டியும் கட்டினார்கள். அடுத்த கோடையில் ஒரு கார்டும் கருகவில்லை. முதலாளி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தாத்தாவுக்கு மட்டும் ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தார். எனக்கு வருத்தம்தான், மறைப்பானேன்?

இந்த மண்ணில் வீடு வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒன்று. உங்கள் வீட்டிலும் எர்த் குழி இருக்கும். கட்டின நாளிலிருந்து யாரும் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டீர்கள். கிரைண்டரோ பிரிட்ஜோ தொட்டால் சுரீர் என்கிறதா? மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் குழியையும் அளக்கச் சொல்லுங்கள். இடி இடிக்கும்போது மட்டும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எங்கள் வீட்டில் அந்த வேலையை அத்தை எடுத்துக்கொண்டார்கள். பங்குனி பிறந்துவிட்டால் இரண்டு வாளித் தண்ணீர் பின்பக்கம் போகும். "எங்க அத்தை, இந்த வெயில்ல?" என்று கேட்டால், "உன் டெலிபோனுக்குத் தாகம் எடுத்திருக்கும்ல" என்பார்கள்.