மண்வெட்டிக்குத் தப்பியது

கண்டி மஹய்யாவவில் நண்பர் வீட்டில் தங்கப்போகிறேன் என்றதும், அந்நகரத்திலேயே கடை வைத்திருக்கும் என் உறவினர் முகம் சுளித்தார். "அங்கேயோ? உனக்கு வேற இடம் கிடைக்கேல்லையோ?" வெள்ளைக்காரர் காலத்தில் நகரத்தைத் துப்புரவாக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் சந்ததி வாழும் இடம் அது. எங்கள் யாழ்ப்பாணத்தார் வாயில் அந்தப் பெயர் எந்தத் தொனியில் வரும் என்று எனக்குத் தெரியும். பிடிவாதமாகவே போனேன்.

ஒரே மழை. எங்கள் ஊரில் மழை விட்டால் சுண்ணக்கல் நிலம் தண்ணீரைக் குடித்துவிடும். இங்கே மதில், படி, வாசல் எல்லாம் ஊறிக் கிடந்தன. துவாய்கூடக் காயவில்லை. எரிச்சலோடு இருந்த ஒரு காலையில் வீட்டுக்குப் பின்னால் சத்தம் கேட்டது.

பையன் ஒருவன் மண்வெட்டியை ஓங்கி நின்றான். கானோரத்தில் புரட்டிய மண்ணில் முழ நீளத்துக்கு ஏதோ நெளிந்தது. நாவற்பழ நிறம், பக்கவாட்டில் நெடுக மஞ்சள் கோடு.

"அடிக்காதடா! பாம்பில்ல அது." மாநகரசபைத் துப்புரவு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் குறுக்கே வந்தார்.

"மஞ்சக் கோடு இருக்கு. வெசம்."

"இத்தன வருசமா கான் வெட்டுறேன், என்னயக் கடிச்சுச்சா?"

கையை வாளித் தண்ணீரில் நனைத்துக்கொண்டு அதைத் தூக்கினார். காய்ந்த கை அதற்கு ஆகாதாம். குனிந்து பார்த்தேன். உடம்பெல்லாம் நெருக்கமான வளைய மடிப்புகள். கண் வெறும் புள்ளி. அதற்கு முன்னால், உதட்டோரத்தில், நுண்ணிய உணர்கொம்பு.

காலில்லாத ஈரூடகவாழி, தவளைக்கு உறவு. இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இலேயே விவரித்த இக்தியோபிஸ் குளுட்டினோசஸ், இலங்கைக்கே உரிய உயிர். இதற்கு நுரையீரல் இருக்கிறது. ஆனாலும் தோலும் சேர்ந்தே மூச்சுவிடுகிறது. தோல் காய்ந்தால் பிழைக்காது. நான் சபித்துக்கொண்டிருந்த ஈரத்தில்தான் அது உயிரோடிருக்கிறது. அந்தத் தோல் தண்ணீரை மட்டுமா உள்ளே விடும், மண்ணில் நாம் கொட்டுவதையும்தான்.

அக்காவுக்கு அது தெரிந்திருந்தது. "தூள் போடுற அன்னிக்கு ஓரத்து மண்ணுல போடமாட்டேன் தம்பி. வெளிய வந்து செத்துக் கெடக்கும். பாக்கச் சகிக்காது." பிளீச்சிங் பவுடரைத்தான் சொன்னார். இந்த நகரத்து மண்ணை இவரைவிட அறிந்தவர்களை நான் கண்டியில் சந்திக்கவில்லை. முகம் சுளித்த உறவினர் இவரோடு ஒரு காலை நடந்து பார்க்கவேண்டும்.

வாழையடியில் அதை விட்டுவிட்டு, ரொட்டியும் கட்டைச் சம்பலும் பிளேன்டீயும் தந்தார். சம்பல் கண்ணில் நீர் வரவைத்தது. பையனும் வந்து குந்தினான். 1880களில் பவுல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற இரு சுவிஸ்காரர்கள் இலங்கைக்கு வந்து இந்த உயிரை முட்டையிலிருந்து ஆராய்ந்ததைச் சொன்னேன். தாய் ஈர மண்ணில் குழிக்குள் முட்டையிட்டு, அவற்றைச் சுற்றிச் சுருண்டு காவல் கிடக்கும். பொரித்த குஞ்சுகள் தண்ணீருக்குப் போய் வளர்ந்து, பிறகு மண்ணுக்குத் திரும்பும்.

"சுருண்டு அடைகாக்குதுன்னா பாம்புதானே?" பையன் விடவில்லை.

"ஒங்கம்மாவுந்தான் ஒன்னயச் சுத்தியே கெடந்தா. அவ பாம்பா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப குஞ்சு இந்தக் கான்லயா இருக்கும்?"

"இந்தச் சாக்கடையிலயா? மேல ஊத்துப் பக்கம் போய்ப் பாரு."

ஊற்று எந்தப் பக்கம் என்பதில் இருவருக்கும் அடுத்த சண்டை தொடங்கியது. நான் இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டேன்.