பன், பன்ஸ், பணிஸ்

பெங்களூரில் பன் என்றால் என்ன என்பது, எந்தக் கடை வாசலில் நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. மல்லேசுவரத்து அய்யங்கார் பேக்கரியில் கேட்டால் மேலே பழுப்பேறிய மெத்தென்ற உருண்டை ரொட்டி. உடுப்பி ஹோட்டலில் கேட்டால் எண்ணெயில் பொரித்து, பூரியாக உப்பி, வாழைப்பழ வாசனையோடு ஒன்று தட்டில் வரும். கூடவே தேங்காய்ச் சட்னி. அங்கே அதன் பெயர் பன்ஸ். ஒன்றே ஒன்று வாங்கினாலும் 'ஒந்து பன்ஸ்'தான். நாம் ஒரு மீல்ஸ் என்கிறோமே, அந்த வழக்கம்.

இந்த மங்களூர் பன்ஸ் மேல் எனக்குத் தனிப் பிரியம். தோல் கறுத்து, இனி யாரும் உரித்துத் தின்ன மாட்டார்கள் என்ற நிலைக்கு வந்த வாழைப்பழம்தான் இதற்கு உகந்தது. அதைச் சர்க்கரையோடு மசித்து, தயிரும் சோடாவும் சீரகமும் சேர்த்து, மைதாவைப் போட்டுப் பிசைந்து இரவு முழுக்க மூடி வைப்பார்கள். காலையில் பூரியைவிடத் தடிமனாகத் தேய்த்துப் போட்டால், எண்ணெயில் விழுந்ததும் எழும்பும். பிய்த்துப் பார்த்தால் உள்ளே ரொட்டிக்கு உரிய துளைகள். பேக்கரி அடுப்பு இல்லாத வீட்டில் பன்னுக்கு ஆசைப்பட்ட யாரோ ஒரு பெண், இருக்கிற வாணலியையும் வீணாகப் போகும் பழத்தையும் வைத்து அதைச் செய்து பார்த்திருப்பாள் என்பது என் எண்ணம். சாட்சி கிடையாது. ஆனால் அந்தத் துளைகளைப் பார்க்கும்போது வேறு மாதிரி நினைக்கத் தோன்றவில்லை.

பெங்களூருக்குள் பன் இரண்டு வழியாக வந்தது. ஒன்று தண்டு, அதாவது கன்டோன்மென்ட். 1809-ல் ஆங்கிலேயப் படை இங்கே நிலைகொண்ட பிறகு, படைக்குத் தேவையான வேலைகளுக்காகச் சென்னை மாகாணத்திலிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். அல்சூர் பக்கமெல்லாம் இன்றும் தமிழ் கேட்பது அதனால்தான். படையினரின் ரொட்டிப் பழக்கமும் தண்டிலேயே தங்கிவிட்டது. அங்கே பிரேசர் டவுனில் மசூதி சாலையில் 1902-லிருந்து இருக்கும் ஆல்பர்ட் பேக்கரியில் புனித வெள்ளிக்குச் சிலுவைக் குறி போட்ட பன் வாங்கக் கூட்டம் நிற்கும். பட்டை வாசனையும் உலர்ந்த திராட்சையும் உள்ள பன் அது. ஒரு நோன்பு நாளின் உணவு.

இன்னொரு வழி பேட்டை, அதாவது பழைய நகரம். 1898-ல் சிக்பேட்டையில் ஹெச்.எஸ். திருமலாச்சார் தொடங்கிய பி.பி. பேக்கரியைத்தான் முதல் அய்யங்கார் பேக்கரி என்பார்கள். ஹாசன் பக்கத்துக்காரர். அவரைத் தொடர்ந்து அந்த மாவட்டத்து அய்யங்கார்கள் பலர் பெங்களூருக்கு வந்து இதே தொழிலில் இறங்கினார்கள். அந்தக் காலத்து ஆசாரக் குடும்பங்களில் ரொட்டி என்றாலே தயக்கம். முட்டை கலந்திருக்குமோ, யார் கை பட்டதோ என்ற கேள்விகள். வைணவர் ஒருவர் முட்டையில்லாமல் சுட்டுத் தருகிறார் என்றதும் அந்தத் தயக்கம் தளர்ந்தது. சாதியின் பெயர் கடைப் பலகையில் ஏறியதற்கு அந்த நம்பிக்கைதான் காரணம். அது அன்றைய சமூகத்தின் குறை. ஆனால் அந்தக் கடை எல்லாருக்கும் பொதுவானது. பணம் கொடுத்தவர் யாரானாலும் அதே பன், நிற்பதற்கு அதே வாசல். அதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

உள்ளே வந்த பன்னை ஊர் அப்படியே விட்டுவைக்கவில்லை. மாவிலேயே வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி பிசைந்து சுட்டால் காரா பன். வெண்ணெய் தடவினால் பெண்ணே பன். மசாலா புரட்டிய வேர்க்கடலைப் பருப்புக்கு இங்கே 'காங்கிரஸ்' என்று பெயர். 1969-ல் லால்பாக் கண்ணாடி மாளிகையில் அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி கூடிய ஆண்டிலேயே கட்சி இரண்டாகப் பிளந்தது. இந்தக் கடலையும் இரண்டாகப் பிளந்ததுதானே, அதிலிருந்து வந்த பெயர் என்று சொல்வோர் உண்டு. வி.வி. புரத்தில் 1953-லிருந்து இருக்கும் வி.பி. பேக்கரியில் பன்னைக் கீறி, வெண்ணெய் பூசி, அந்தக் கடலையை அள்ளி வைத்துத் தருவார்கள். அதுதான் காங்கிரஸ் பன். அதே வட்டாரத்தில் தட்டையை நொறுக்கி, வெங்காயமும் காரமும் சேர்த்து உள்ளே வைத்தால் பன் நிப்பட்டு. சேலத்துத் தட்டுவடை செட்டைத் தின்று வளர்ந்தவர்களுக்கு இது சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாடு.

தமிழ் நிலத்திலும் இந்தச் சொல் சும்மா இருந்ததில்லை. மதுரையில் பன் பரோட்டா என்று ஒன்று உண்டு. பன்னைத் தொடவே தொடாத பரோட்டா அது, தடிமனும் மென்மையும் பார்த்து வைத்த பெயர். யாழ்ப்பாணத்தில் பன் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அங்கே அது பணிஸ். மங்களூரைப் போலவே பன்மையை ஒருமையாக்கிக்கொண்டார்கள். முதலை வடிவில் நீட்டிச் சுருட்டிச் சீனி தூவியதற்கு, முதலையைக் குறிக்கும் சிங்களச் சொல்லையே சேர்த்துக் கிம்புலா பணிஸ் என்கிறார்கள். பாண் என்கிற ரொட்டியையும் பணிஸையும் சுமந்து தெருத்தெருவாக வரும் ஆட்டோக்கள் பேத்தோவனின் இசையை ஒலித்தபடி வரும்.

இத்தனை பன்னிலும் என் மனசு தங்குவது எதுவும் தடவாத வெறும் பன்னிடம்தான். வெயிலில் சாரம் கட்டி வேலை பார்க்கும் ராய்ச்சூர்க்காரர், ஒடிசாவிலிருந்து வந்த பையன், நேர்முகத் தேர்வுக்கு ஓசூரிலிருந்து பஸ் ஏறி வந்த பெண், சாப்பாட்டு நேரம் தவறிப்போன ஆட்டோக்காரர். எல்லாருக்கும் ஒரே கணக்கு: டீயும் பன்னும், ராத்திரி வரை தாங்கும். மீல்ஸுக்கு உட்கார வேண்டும், இலையோ தட்டோ வேண்டும், கையில் கொஞ்சம் பணமும் வேண்டும். பன்னுக்கு ஒரு கை போதும். இந்த ஊரில் எனக்குத் தெரிந்து எந்த மொழிக்காரரும் மொழிபெயர்க்காமல் கேட்டு வாங்கும் உணவு இது ஒன்றுதான்.

பழைய அய்யங்கார் பேக்கரிகள் சில மூடிவிட்டன. மிச்சமிருப்பவற்றில் பல, வாடகை ஏறிய தெருக்களில்தான் இருக்கின்றன. கண்ணாடிக் கதவு போட்ட புதுக் கடைகளிலும் பன் கிடைக்கிறது, ஆனால் அங்கே நின்று தின்ன இடம் கிடையாது, சாரத்திலிருந்து இறங்கி வந்தவர் அந்தக் கதவைத் தள்ளவும் மாட்டார். அதனால் நான் பழைய கடைக்கே போகிறேன். காரா பன் என்றால் சூடாக எடுத்த தட்டிலிருந்து வாங்கி, அன்றைக்கே தின்றுவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் வெங்காயம் ஈரம் விட்டுவிடும்.