தொழுகை நேர ஆப்புக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?



தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் ஆப் ஒன்று நம்மில் அநேகரின் ஃபோனில் இருக்கிறது. இலவசம்தான். ஆனால் அதைச் செய்து நடத்துபவருக்குச் செலவு உண்டு. அந்தச் செலவு எங்கிருந்து வருகிறது?

2020 நவம்பரில் மதர்போர்ட் என்ற அமெரிக்கச் செய்தித்தளம் இதைத் தேடிப் பார்த்தது. கோடிக்கணக்கானோர் இறக்கிய முஸ்லிம் ப்ரோ ஆப், பாவனையாளர்கள் இருக்கும் இடத்தை எக்ஸ்-மோட் என்ற கம்பனிக்குக் கொடுத்து வந்தது தெரிய வந்தது. அந்தக் கம்பனியிடம் தகவல் வாங்கியவர்களில் அமெரிக்க இராணுவத்தின் ஒப்பந்தக்காரர்களும் இருந்தார்கள். செய்தி வந்ததும் அந்தத் தொடர்பை நிறுத்துவதாக முஸ்லிம் ப்ரோ அறிவித்தது. பள்ளிவாசல், வைத்தியசாலை போன்ற இடங்களுக்கு மக்கள் போய்வருவதைக் காட்டும் தகவலை விற்கக்கூடாது என்று 2024 ஜனவரியில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு எக்ஸ்-மோட்டுக்குத் தடை போட்டது.

விளம்பரமே கூடாது என்று சொல்ல வரவில்லை. பத்திரிகையில் எந்நாளும் விளம்பரம் இருந்தது. ஆனால் வாசித்தவர் பிறகு எங்கே போகிறார் என்று அது பின்னால் வந்து பார்க்கவில்லை. கொரோனா காலத்தில் யூடியூப் பார்த்துக் கணக்குப் படித்த பிள்ளைகளும் உண்டு. அதை இலவசமாக்கியதும் விளம்பரம்தான். அதனால் விளம்பரம் வேறு, வேவு வேறு.

விளம்பரமும் வேவும் இல்லாமல் இணையம் நடக்குமா? நடக்கிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அதன் ஆரம்ப காலத்தில் பெரும்பாரத்தைச் சுமந்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். 2005இல் தொடங்கிய நூலகம் தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் பத்திரிகைகளும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. முஸ்லிம்களின் ஆவணங்களுக்கும் மலையக ஆவணங்களுக்கும் அங்கே தனி இடம் உண்டு. ஒரு தோட்டத்துப் பிள்ளை ஐந்து சதம் கட்டாமல், பெயர்கூடச் சொல்லாமல் வாசிக்கலாம். பழைய மலையகச் சஞ்சிகை ஒன்றின் பக்கத்தில் சவர்க்காரம் விற்க எந்தக் கம்பனியும் வராது. விளம்பரத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்தச் சஞ்சிகை நமக்குக் கிடைத்தே இராது.

இந்த முறை நமக்குப் புதிதல்ல. பள்ளிவாசல் சந்தாவிலும் வக்ஃபிலும்தான் நடக்கிறது. கொடுத்தவரும் தொழலாம், கொடுக்க வசதியில்லாதவரும் தொழலாம். சந்தா நின்றால் விளக்கு அணைந்துவிடும் என்பதும் நமக்குத் தெரியும். இந்தத் தளங்களின் நிலையும் அதுதான்.

ஆகவே மூன்று வேண்டுகோள். தொழுகை ஆப்புக்கு லொகேஷன் அனுமதியை நிறுத்திவிட்டு ஊரின் பெயரைக் கையால் பதியுங்கள். அல்லது ஜம்இய்யத்துல் உலமாவின் நேர அட்டவணையைப் பாருங்கள், அது போதும். இரண்டாவது, மாதம் ஒரு டேட்டா கார்ட்டின் காசை இப்படியான ஒரு தளத்துக்குக் கொடுங்கள். ஸதகதுல் ஜாரியா என்று நிய்யத் வையுங்கள். மூன்றாவது, பண்டாரவளை, வெலிமடை, ஹப்புத்தளைப் பக்கத்துப் பாடசாலை மலர்களும் பள்ளிவாசல் மலர்களும் உங்கள் அலுமாரியில் கிடந்தால் கறையானுக்கு விடாதீர்கள். எனக்கு அறிவியுங்கள், ஸ்கேன் பண்ணி நூலகத்துக்கு அனுப்ப நான் உதவுகிறேன், இன்ஷா அல்லாஹ்.