விசுவாசியும் ஐயவாதியும்: சில எண்ணங்கள்

தருக்க நூலார் விவாதத்தை மூவகைப்படுத்துவர். உண்மையைக் காணும் விருப்பினால் இருவர் நிகழ்த்துவது வாதம். வெற்றி ஒன்றையே குறியாகக் கொண்டு நிகழ்த்துவது செற்பம். தன் கொள்கை இதுவென நிறுவாது, பிறர் கொள்கையைச் சிதைப்பதையே தொழிலாகக் கொள்வது விதண்டை. இம் மூன்றையும் பிரித்துப் பெயரிட்ட மரபுக்கு உரியவர்கள் நாம். சிவஞானசித்தியார் பரபக்கத்தை முன்வைத்து, அதன் பின்னரே சுபக்கத்தைக் கூறுகின்றது. மாற்றான் சொல்வது யாதென எடுத்துரைத்த பின்னரே தன் கொள்கையைச் சொல்லவேண்டும் என்ற ஒழுங்கு அதிலே தெரிகின்றது. அதே மரபிலேதான், வாதத்தில் தோற்றோர் கழுவேறினர் என்ற செய்தியைப் பெரியபுராணமும் கூறுகின்றது. ஆகவே, சமய விவாதம் எவ்வளவு உயரவும் எவ்வளவு தாழவும் கூடும் என்பதற்கு நமக்கு வெளியிலே சான்று தேடவேண்டியதில்லை.

கிறிஸ்தவக் குடும்பமொன்றிற் பிறந்து, இன்றும் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குச் செல்பவன் நான். என் நெருங்கிய நண்பரோ போதகர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, பல்கலைக்கழகத்திலே கற்ற காலத்திற் கடவுட் கொள்கையைக் கைவிட்டவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாங்கள் இதுபற்றிப் பேசிவருகின்றோம். ஒருவரை ஒருவர் மாற்றிவிடவில்லை, பேச்சை நிறுத்திவிடவுமில்லை. விசுவாசியும் ஐயவாதியும் மதிப்பிழக்காது பேசுவது எவ்வாறு என்ற வினா எனக்கு ஏட்டு வினாவன்று.

யாழ்ப்பாணத்துச் சூழல் இவ்வினாவுக்குப் பழக்கப்பட்டதே. பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்ற ஆறுமுக நாவலர், பின்னர் அதே விவிலிய அறிவைக்கொண்டே பாதிரிமாரின் கண்டனங்களுக்கு விடையளித்தார். 1854 இல் வெளிவந்த சைவதூஷணபரிகாரம் அதற்குச் சான்று. ஆனால் அது இரு விசுவாசிகளுக்கிடையே நிகழ்ந்த வழக்கு. விசுவாசமே வேண்டுமா என்ற வழக்கை இந்நாட்டிலே பலரறிய எழுப்பியவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்து மார்த்தோமா திருச்சபைக் குருவானவரின் மகனாகிய அவர், நாவலர் கற்றுக் கற்பித்த பாடசாலையின் வழிவந்த யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலே தாவரவியல் கற்பித்தார். அவரிடம் வேதபாடத்தை ஒப்படைத்தபோது மாணவர் யாவரும் திறமைச்சித்தி பெற்றனர் என்றும், ஆனால் அனைவரும் விசுவாசத்தை இழந்துவிட்டனர் என்பதால் மறு ஆண்டு அப்பாடம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை என்றும் ஒரு கதை வழங்குகின்றது. 1978 இல் மறையும்வரை பேய், சோதிடம், அற்புதம் முதலியவற்றை அவர் அறைகூவி அழைத்தார். அவருடைய பணி பயனுடையதே. எனினும் ஏமாற்றுக்காரனை அம்பலப்படுத்துவதற்குரிய முறை வேறு. நேர்மையான விசுவாசியோடு பேசுவதற்குரிய முறை வேறு.

பின்னதற்கு நான் அடிக்கடி நினைந்துகொள்ளும் எடுத்துக்காட்டு, 1948 சனவரி 28 ஆம் நாள் பி.பி.சி. வானொலியில் ஒலிபரப்பான உரையாடலாகும். ஒருபுறம் பேர்ட்ரண்ட் ரசல். 1927 இல் இலண்டன் பற்றர்சி நகர மண்டபத்திலே, தாம் ஏன் கிறிஸ்தவரல்லர் என்பதை விளக்கிப் பேருரையாற்றியவர். அப்போது வயது எழுபத்தைந்து. மறுபுறம் பிரடெரிக் கொப்பிள்ஸ்டன். இயேசு சபைத் துறவி, மேனாட்டு மெய்யியல் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதத் தொடங்கியிருந்தவர், வயது நாற்பது. கடவுள் உண்டா என்பதே பொருள்.

அவ்வுரையாடலிலே முதலில் நம்மைக் கவர்வது அதன் தொடக்கம். கொப்பிள்ஸ்டன் வாதத்தை எடுத்தவுடனே தொடுக்கவில்லை. கடவுள் என்ற சொல்லால் நாம் இருவரும் ஒன்றையே கருதுகின்றோமா என்று வினவுகின்றார். உலகினின்றும் வேறாய், உலகைப் படைத்ததாய், ஆளுமையுடையதாய் உள்ள பரம்பொருள் என அவர் தரும் வரைவிலக்கணத்தை ரசல் ஏற்றுக்கொள்கின்றார். அடுத்து, கடவுள் இல்லையென நிறுவமுடியும் என்பது உங்கள் நிலையா, அன்றி அறியொணாவாதமா என்று கேட்கின்றார். பின்னதே என்கின்றார் ரசல். எதிரி சொல்லாத ஒன்றை அவர் தலையிலே சுமத்தி, அதனை வீழ்த்தி மகிழும் வழக்கம் இவ்விரு வினாக்களோடு அடைபட்டுப் போகின்றது.

அதன் பின்னர் கொப்பிள்ஸ்டன் லைப்னிற்சின் வழிநின்று வாதிடுகின்றார். உலகிலுள்ள ஒவ்வொரு பொருளும் தன் இருப்புக்குப் பிறிதொன்றைச் சார்ந்து நிற்கின்றது. அத்தகைய பொருள்களை எத்தனை கூட்டினாலும் அத்தொகுதி தன்னைத்தானே விளக்கிக்கொள்ளாது. ஆகவே தன்னிருப்புக்குத் தானே காரணமான ஒன்று வேண்டும் என்பது அவர் வாதம். ரசல் இதனை இரண்டு இடங்களில் மறிக்கின்றார். இன்றியமையாமை என்பது கூற்றுக்களுக்குரிய பண்பேயன்றிப் பொருள்களுக்குரியதன்று என்பது ஒன்று. மனிதர் ஒவ்வொருவருக்கும் தாய் உண்டு. அதனால் மனிதகுலம் முழுமைக்கும் ஒரு தாய் உண்டென்று கொள்ளலாகாது என்பது மற்றொன்று. உலகம் இருக்கின்றது, அவ்வளவே என்று அவர் அமைகின்றார். சதுரங்கப் பலகையின் முன் அமர மறுப்பவரைத் தோற்கடித்தல் எவர்க்கும் இயலாது என்ற கருத்துப்படக் கொப்பிள்ஸ்டன் விடையிறுக்கின்றார். குத்தல் உண்டு, ஆனால் அது குத்தும் இடம் வாதத்தின் நிலையேயன்றி மனிதரின் மானமன்று.

சமய அனுபவம் பற்றிய பகுதி எனக்கு இன்னும் நெருக்கமானது. கடவுளை உணர்ந்ததாகக் கூறுவோரின் வாழ்க்கை நன்மையடைந்திருத்தல் ஒரு சான்றாகாதா என்று துறவி கேட்கின்றார். புளூட்டாக் எழுதிய லைக்கேகசின் வரலாற்றைப் படிக்கும் இளைஞன் அவனிடத்தே அன்புகொண்டு உயரலாம். லைக்கேகஸ் என்றொருவன் வாழாதிருந்தாலும் அவ்வுயர்ச்சி நிகழும் என்கின்றார் ரசல். இவ்விடையை முதன்முதல் வாசித்த நாளில் நான் ஏட்டை மூடிவைத்து நெடுநேரம் இருந்தேன். என் தாயாரின் செபமும் பொறுமையும் என் விசுவாசத்துக்கு எத்துணை பெரிய சான்றுகள் என்பதை அறிவேன். அச்சான்று எதனை நிறுவுகின்றது, எதனை நிறுவவில்லை என்பதை எனக்குப் பிரித்துக் காட்டியவர் ஒரு விசுவாசியல்லர்.

உரையாடல் முடிவிலே எவரும் எவரையும் வென்றுவிடவில்லை. தத்தம் நிலையிலேயே இருவரும் நின்றனர். ஆனால் கேட்டவர்கள், தாங்கள் எவ்விடத்திலே வேறுபடுகின்றோம் என்பதை முன்னரினும் தெளிவாக அறிந்திருப்பர்.

அதே 1948 இல் ஒக்ஸ்போட்டிலும் ஒரு நிகழ்ச்சி நடந்தது. கிறிஸ்தவத்துக்குச் சார்பாகவும் எதிராகவும் உள்ள வாதங்களை ஒரே மேடையிலே கேட்பதற்கென அங்கு சோக்கிரற்றீஸ் கழகம் என்றொரு மாணவர் கழகம் இருந்தது. விசுவாசி கட்டுரை படித்தால் ஐயவாதி விடையளிப்பார். ஐயவாதி படித்தால் விசுவாசி எழுவார். அதன் தலைவர் சி. எஸ். லூயிஸ். இயற்கைக்கு அப்பால் எதுவும் இல்லையென்னும் கொள்கை தன்னைத்தானே மறுத்துக்கொள்கின்றது என்று அற்புதங்கள் பற்றிய தம் நூலிலே அவர் எழுதியிருந்தார். பெப்ரவரி 2 ஆம் நாள் அவ்வாதத்திலுள்ள குழப்பத்தை எலிசபெத் அன்ஸ்கம் என்னும் இளம் மெய்யியலாளர் எடுத்துக்காட்டினார். ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், அன்ஸ்கம் ஐயவாதியல்லர், உறுதியான கத்தோலிக்கர். நம் பக்கத்து வாதம் என்பதற்காகப் பிழையான வாதத்தைக் காத்தல் விசுவாசமாகாது என்பதை அவர் செயலாற் காட்டினார். லூயிசும் அவ்வத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். 1960 ஆம் ஆண்டுப் பதிப்பிலே அத்திருத்தம் இடம்பெற்றது. அவர் மீண்டும் எழுதியமை அவருடைய நேர்மைக்குச் சான்றென அன்ஸ்கம் பிற்காலத்திற் குறிப்பிட்டார்.

அக்கழகத்திலேதான் அன்ரனி ஃபுளூ, மெய்யியல் மாணவர் இன்றும் மறவாத வினாவை எழுப்பினார். ஃபுளூவும் மெதடிஸ்த போதகர் ஒருவரின் மகனே. காட்டினிடையே பூக்கள் மலர்ந்த வெளியொன்றைக் காணும் இருவரில் ஒருவன், இங்கே தோட்டக்காரன் ஒருவன் வருகின்றான் என்கின்றான். காவல் இருக்கின்றனர், எவரும் வரவில்லை. கண்ணுக்குப் புலப்படாதவன் என்கின்றான். மின்வேலி இடுகின்றனர், மோப்ப நாய்களை விடுகின்றனர், ஒன்றும் அகப்படவில்லை. தொடவும் நுகரவும் இயலாதவன் என்கின்றான். இறுதியில், இத்தகைய தோட்டக்காரனுக்கும் தோட்டக்காரனே இல்லாமைக்கும் வேறுபாடென்ன என்று மற்றவன் கேட்கின்றான். எது நிகழ்ந்தால் கடவுள் இல்லை, அன்றிக் கடவுள் அன்புடையவரல்லர் என்று ஒப்புவீர்கள் என்பதே ஃபுளூவின் வினா.

பசில் மிற்சல் என்னும் விசுவாசி இதற்கு வேறொரு கதையால் விடையளித்தார். பகைவர் கைப்பற்றிய நாடொன்றிலே விடுதலைப் போராளி ஒருவன் ஓர் இரவு அந்நியன் ஒருவனைச் சந்திக்கின்றான். தான் போராளிகளின் பக்கம் என்று அந்நியன் சொல்ல, அவனிடத்தே முழுநம்பிக்கை கொள்கின்றான். பின்னர் அந்நியன் சிலவேளை போராளிகளுக்கு உதவுகின்றான். சிலவேளை பகைவரின் காவற்படை உடையிலே நின்று அவர்களைக் காட்டிக்கொடுக்கின்றான். போராளி நம்பிக்கையைக் கைவிடவில்லை. ஆனால் எதிரான சான்று எதிரான சான்றே என்பதை அவன் மறுப்பதுமில்லை. அதன் வேதனையை உணராத விசுவாசம் விசுவாசமாகாது என்பது மிற்சலின் கருத்து.

இவ்வினாவும் விடையும் எனக்கு ஏட்டினின்று இறங்கி வந்த நாள்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் நாள், நத்தாருக்கு மறுநாளாகிய ஞாயிறு காலை, ஆழிப்பேரலை நம் கரையோரங்களை அழித்தது. இந்நாட்டிலே மட்டும் 30,000 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். சில நாள்களின் பின் நண்பரும் நானும் நிவாரணப் பொருள்களோடு மட்டக்களப்புப் பகுதிக்குச் சென்றோம். பாடசாலையொன்றில் அமைந்த முகாமிலே, பேரப்பிள்ளைகள் இருவரைக் கடலுக்குக் கொடுத்த மூதாட்டி ஒருவர், வெள்ளைச் சட்டையோடு நின்ற என் நண்பரைப் போதகரெனக் கருதி, "தம்பி, ஒரு செபம் சொல்லுங்க" என்றார். நான் திகைத்தேன். அவர் பொய்யாகச் செபிக்கவில்லை. தம் கொள்கையை விளக்கவுமில்லை. "அம்மா, செபிக்கிறவர் இவர். நான் உங்களுக்குப் பக்கத்தில இருக்கிறன்" என்று கூறி, அவர் அருகே நிலத்தில் அமர்ந்து அவர் கையைப் பற்றிக்கொண்டார். நான் செபித்தேன். அதனினும் மேலான நேர்மையை எந்த விவாத மேடையிலும் நான் கண்டதில்லை.

அன்றிரவு அவர் என்னைக் கேட்டார்: "இனி என்ன நடந்தால், மச்சான், இல்லை எண்டு சொல்லுவாய்?" ஃபுளூவின் வினாதான். கடவுளின் சித்தம் நாம் அறியோம் என்ற விடை என் நாவில் வந்தது; அந்த மூதாட்டியின் முகம் அதனைத் தடுத்தது. இது என் விசுவாசத்துக்கு எதிரான சான்று என்பதை நான் மறுக்கவில்லை என்றும், ஆயினும் அவர் கைவிடவில்லை என்ற நம்பிக்கையை என்னால் விடமுடியவில்லை என்றும் சொன்னேன். "உண்மையான பதில், ஆனால் போதாது" என்றார். போதாதென்பதை நானும் அறிவேன். அவரும், பற்றியிருந்த அக்கைக்குத் தம் கொள்கையிலே ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை என்று தாமாகவே சொன்னார். அவ்வாறு சொல்லும்படி நான் அவரை நெருக்கவில்லை.

அதே மாதத்திலேதான் எண்பத்தொரு வயதினராகிய ஃபுளூ, பிரபஞ்சத்துக்கு மூலமான ஓர் அறிவை ஏற்கத் தொடங்கிவிட்டார் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. விசுவாசிகள் வெற்றியெனக் கொண்டாடினர். ஐயவாதிகள் முதுமையின் தளர்ச்சி என்றனர். அவரோ கிறிஸ்தவத்தையும் ஏற்கவில்லை, மறுமையையும் நம்பவில்லை. நியாயம் செல்லும் வழியே செல்கின்றேன் என்பதே அவர் கூறியது. ஒரு முதியவரின் சிந்தனையைக் கொள்ளைப்பொருளாக்கி இரு படைகளும் இழுத்தமை, செற்பம் எத்துணை எளிதில் வாதத்தின் உடையை அணிந்துகொள்கின்றது என்பதைக் காட்டுகின்றது.

பல்கலைக்கழகம் என்பது மாற்றுக் கருத்தினரை நாள்தோறும் உணவு மேசையிலே எதிரெதிரே அமர்த்தும் இடம். இங்கே வந்துசேரும் இளைஞர் சிலர் தம் வீட்டு விசுவாசத்தை மூடிக் காக்க முயல்கின்றனர். சிலர் அதனைத் துறந்த வேகத்திலே, இன்னும் துறவாதவரை எள்ளுகின்றனர். இரு சாராருக்கும் நான் வேண்டுவது ஒன்றே. மாற்றான் கொள்கையை அவன் கேட்டு, ஆம், இதுவே நான் சொல்வது என்று ஒப்பும்வண்ணம் முதலிலே எடுத்துரைக்கப் பழகுங்கள். பரபக்கம் முன்னே வரட்டும். அதன் பின் உங்கள் சுபக்கத்தை எவ்வளவு உறுதியாக வேண்டுமாயினும் சொல்லுங்கள். உறுதியும் மரியாதையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பதில் போதாது என்று ஒருவர் சொல்லவும், போதாதுதான் என்று மற்றவர் ஏற்கவும் இடமுள்ள நட்பு வாய்க்கப்பெற்றவர்கள், தம் விசுவாசத்தையோ ஐயத்தையோ பற்றி அஞ்சவேண்டியதில்லை.