கல்லாப்பெட்டிக்கு எந்த ஓ.எஸ்.?

கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளுன்னு சொந்தக்காரங்க மத்தியில ஒரு தடவை பேர் வாங்கிட்டா போதும், ஆயுசுக்கும் விடாது. பிரிண்டர் ஓடலையா, போன்ல படம் அழிஞ்சு போச்சா, கூப்பிடு இவனை! இந்தத் தடவை கூப்பிட்டது தென்காசி பக்கம் மளிகைக் கடை வச்சிருக்கிற என் மாமா.

கடையில மொத்தம் நாலு கம்ப்யூட்டர். மூணு பில்லிங் கவுண்டர்ல. நாலாவது, பார்கோடைக் காட்டினா விலை சொல்லுற ஒரு கியோஸ்க். எல்லாத்துலயும் விண்டோஸ் 10. அதுக்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிச்சிட்டாங்க. பழைய ப்ராசஸர், டிபிஎம் 2.0 கிடையாது, அதனால சாதாரண விண்டோஸ் 11-ம் முறைப்படி ஏறாது. மெஷின் வித்தவர் வந்து, நாலையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கன்னு ஒரு கொட்டேஷனை நீட்டிட்டுப் போயிட்டார். பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு எடுத்து வச்ச பணத்துல கை வைக்கணுமான்னு மாமாவுக்குக் கவலை.

நான் லினக்ஸ் பைத்தியம்னு இங்க அடிக்கடி வந்து போறவங்களுக்குத் தெரியும். ஆனா கல்லாப்பெட்டிகிட்ட நம்ம பைத்தியம் செல்லாது :-) மாமா ஒரே வரியில சொல்லிட்டார்: "மாப்ளே, நீ சொல்லுத பேரெல்லாம் எனக்கு வாயில நுழையாது. சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டம் நிக்கையில பில்லு வருமா, வராதா? அத மட்டும் சொல்லு."

யோசிச்சுப் பார்த்தா இதைவிட நல்ல கேள்வி கிடையாது. வீட்டுக் கம்ப்யூட்டர் நின்னா நாம திட்டிட்டு டீ குடிக்கப் போயிடலாம். கடையில பில் நின்னா, ஜனம் கூடையை அப்படியே வச்சுட்டு எதிர்க்கடைக்குப் போயிடும். அந்த ஒரு கேள்வியைப் பிரிச்சா உள்ள நாலு கேள்வி இருக்கு.

முதல் கேள்வி: கூட இருக்கிற சாமான்கள் பேசுமா?

பார்கோடு ஸ்கேனர் பெரும்பாலும் தன்னை ஒரு கீபோர்டுன்னு சொல்லிக்கிட்டுத்தான் உள்ள வரும். எந்த ஓ.எஸ்.-லயும் ஓடும், பிரச்னை இல்ல. எடை மெஷின் பழைய சீரியல் போர்ட்டுல எடையை எண்ணா அனுப்பும், அதையும் படிச்சிடலாம். வில்லங்கம் தெர்மல் பிரிண்டர்தான். கேஷ் டிராயர் நேரா கம்ப்யூட்டர்ல மாட்டியிருக்காது, டெலிபோன் வயர் மாதிரி ஒரு வயர்ல பிரிண்டர்ல தொங்கும். பிரிண்டருக்கு உத்தரவு போனாத்தான் டிராயர் திறக்கும். ஆக டிரைவர் சரியில்லைன்னா பில் மட்டுமில்ல, சில்லறையும் வராது!

தமிழ் இன்னொரு தலைவலி. நம்ம கடைகள்ல இருக்கிற பெரும்பாலான தெர்மல் பிரிண்டருக்குள்ள தமிழ் எழுத்தே கிடையாது. மென்பொருள் எழுத்தைப் படமா வரைஞ்சு அனுப்பணும். அந்த வசதி இல்லாததாலதான் பல கடை பில்லுல துவரம்பருப்பு இங்கிலீஷ்ல அரைகுறையா நிக்குது.

எல்லாத்துக்கும் மேல, மாமா கடையோட பில்லிங் மென்பொருள் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்தப்ப ராப்பகலா உக்காந்து ஒவ்வொரு சாமானுக்கும் வரி விகிதம் ஏத்தினது அதுலதான். அதை மாத்துறது கடையையே மாத்துற மாதிரி. முதல்ல மென்பொருள், அப்புறம் பிரிண்டர், கடைசியாத்தான் ஓ.எஸ். வரிசை இதுதான், நமக்குப் பிடிக்குதோ இல்லையோ.

ரெண்டாவது: பட்டுன்னு கரண்ட் போனா?

யுபிஎஸ் இருக்கும். ஆனா பேட்டரி என்னிக்கு மாத்தினாங்கன்னு கேக்காதீங்க. ஹார்ட்டிஸ்க்ல எழுதிக்கிட்டிருக்கும்போது கரண்ட் போனாத்தான் சிஸ்டம் பாழாகுது. இதுக்கு நல்ல வைத்தியம், ஓ.எஸ். இருக்கிற பகுதியில எதையுமே எழுத விடாம பூட்டி வைக்கிறது. விண்டோஸ்ல இதுக்குப் பேர் யூனிஃபைட் ரைட் ஃபில்டர். ஹோம், ப்ரோ பதிப்புகள்ல கிடையாது, என்டர்பிரைஸ், ஐஓடி வகையறாவுல உண்டு. லினக்ஸ்ல ஓவர்லே ஃபைல் சிஸ்டம். யாரு என்ன நோண்டினாலும், ரீஸ்டார்ட் பண்ணா காலையில இருந்த மாதிரியே வந்து நிக்கும். பில் கணக்கை மட்டும் பூட்டாத வேற பகுதியில வைக்கணும், இல்லேன்னா அன்னிக்கு வியாபாரமும் சேர்ந்து மறைஞ்சிடும்!

மூணாவது: எக்ஸ்பயரி டேட் எப்போ?

பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பாக்கிற கடைக்காரர், ஓ.எஸ்.-க்கு மட்டும் பாக்கிறதில்ல. ரிசர்வ் வங்கியே 2018 ஜூன்ல வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, ஏடிஎம்கள்ல எக்ஸ்பியை எடுங்கன்னு கெடு வைக்க வேண்டியிருந்தது. எக்ஸ்பிக்கு சப்போர்ட் முடிஞ்சது 2014 ஏப்ரல்ல!

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. விண்டோஸ் 10 எல்டிஎஸ்சி 2021-ன்னு ஒரு பதிப்பு. சாதாரண என்டர்பிரைஸ் வகைக்கு 2027 ஜனவரி வரைதான். அதே சாமான், பேர்ல ஐஓடின்னு இருந்தா 2032 ஜனவரி வரை. விண்டோஸ் 11 ஐஓடி எல்டிஎஸ்சி 2024-க்கு 2034 அக்டோபர் வரை. வருஷா வருஷம் புது மூஞ்சி காட்டாது, பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். கல்லாப்பெட்டிக்கு வேண்டியது அதுதான். ஆனா கடையில போய் டப்பாவா வாங்க முடியாது, பெரும்பாலும் இந்த மாதிரி மெஷின்லயே ஏத்தித்தான் தருவாங்க. டெபியனுக்கு ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் 5 வருஷம், அடுத்ததுக்கு மாற காசு வேண்டாம். மலிவான ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கு? வாங்கின அன்னிக்கு இருக்கிறதுதான் பல சமயம் கடைசி அப்டேட்.

நாலாவது: எல்லாம் ஒண்ணா படுத்தா?

2021 ஜூலையில ஸ்வீடன்ல கூப் நிறுவனம் சுமார் 800 கடையை மூடினாங்க. பில் போட முடியல. ஓட்டை ஓ.எஸ்.-ல இல்ல, தூரத்துல இருந்து மெஷின்களைப் பராமரிக்கிற கசேயா மென்பொருள்ல. அது வழியா ரான்சம்வேர் இறங்கிடுச்சு. 2024 ஜூலை 19-ல கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு தப்பான அப்டேட்டுல சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத்திரை காட்டிச்சு. ஆஸ்திரேலியாவுல சூப்பர் மார்க்கெட் கல்லாக்களும் மாட்டுச்சு. நிறைய இடத்துல ஒவ்வொரு மெஷின் முன்னாடியும் ஆள் உக்காந்து ஒரு ஃபைலை அழிக்க வேண்டியதாப் போச்சு. அவ்வளவு பெரிய கடைகளுக்கே அந்தக் கதின்னா, நம்ம கடைக்கு எவ்வளவு நேரமாகும்? அதனால எந்த அப்டேட்டா இருந்தாலும் முதல்ல ஒரு கவுண்டருக்கு மட்டும். ஒரு வாரம் ஓடட்டும், அப்புறம் மத்ததுக்கு.

கடைசியா முடிவு பண்ணது இது. பில்லிங்குக்கு விண்டோஸ் 11 ஐஓடி எல்டிஎஸ்சி ஏத்தின மெஷின், இப்ப ரெண்டு மட்டும். மூணாவது கவுண்டர் பொங்கல் வியாபாரம் முடியுற வரை பழைய மெஷின்லயே ஓடும், ஆனா இன்டர்நெட் கிடையாது, பென் டிரைவ் கிடையாது, கடைக்குள்ள இருக்கிற வயரோட சரி. கியோஸ்க்குக்குப் புதுசே வேண்டாம். பழைய மெஷின்ல டெபியன், திரை முழுக்க குரோமியம், டிஸ்க்கைப் பூட்டியாச்சு. விலை தமிழ்லயே பளிச்சுன்னு தெரியுது. நாலு மெஷின் கொட்டேஷன் இப்போதைக்கு ரெண்டாச்சு. காலேஜ் ஃபீஸ் தப்பிச்சுது.

பாக்கப்போனா இதுல லினக்ஸும் ஜெயிக்கல, விண்டோஸும் ஜெயிக்கல. ஓ.எஸ். சண்டை நம்மள மாதிரி வெட்டி ஆளுங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. கல்லா முன்னாடி நிக்கிற பொண்ணுக்கு அதுல என்ன ஓடுதுன்னே தெரியக்கூடாது, தெரிஞ்சுதுன்னா எங்கேயோ மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். உங்க சொந்தத்துல யாராவது கடை வச்சிருந்தா, கொட்டேஷன்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இந்த நாலு கேள்வியையும் வித்தவர்கிட்டயே கேக்கச் சொல்லுங்க. பதில் சொல்லத் தெரியாதவர்கிட்ட மெஷின் வாங்காதீங்க. அப்புறம் ஒண்ணு, ஒரு பழைய கையெழுத்து பில் புக்கையும் கல்லாவுக்குக் கீழ போட்டு வைங்க. அதுக்கு எந்த அப்டேட்டும் வேண்டாம் :-)