மலைக்கு ஒரு பட்டியல்

பயணம் போகும் சீடர் கையில் தடி எடுத்துச் செல்லலாமா, கூடாதா? நற்செய்தியாளர் மாற்கைக் கேட்டால் தடி மட்டும் கொள்ளலாம் என்பார்; காலுக்கு மிதியடியும் உண்டு. மத்தேயுவும் லூக்காவும் அந்தத் தடியையும் வாங்கி வைத்துவிடுகின்றனர். குருமடத்தில் இம்மூன்று பகுதிகளையும் அருகருகே வைத்துக்கொண்டு ஒரு வகுப்பு முழுவதும் நாங்கள் வாதாடியது உண்டு. கரடுமுரடான பாதையில் நடந்தோருக்காக மாற்கு எழுதினார் என்றார் ஒருவர். தடி தற்காப்புக்கான ஆயுதம், ஆகவேதான் மற்ற இருவரும் அதை விலக்கினர் என்றார் இன்னொருவர். பேராசிரியர் இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மணி அடித்ததும் எழுந்து போய்விட்டார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே வாதம் ஒரு பங்கு இல்லத்துச் சாப்பாட்டு மேசையில் மீண்டும் எழுந்தது. இம்முறை எங்கள் முன் இருந்தது தேர்வுத்தாள் அன்று; மலையேறுவதற்கான பொருட்பட்டியல்.

நாங்கள் நால்வர். ஒரே ஆண்டில் குருப்பட்டம் பெற்றவர்கள். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் ஆளுக்கொரு பங்கில் இருக்கிறோம். முப்பதாம் ஆண்டைப் பொன்னாடையும் விருந்தும் இல்லாமல், கால்நடையாக ஒரு மலைமேல் சென்று கொண்டாடலாம் என்ற யோசனையை முதலில் சொன்னவர் எங்களுள் மிகவும் கலகலப்பானவர். அவரை இக்கட்டுரையில் நண்பர் என்றே குறிப்பிடுகிறோம்.

எந்த மலை என்பதில் தொடக்கத்தில் ஐயமே இருக்கவில்லை. 1603ஆம் ஆண்டில் ஜாக்கோமோ ஃபெனிசியோ என்னும் இத்தாலிய இயேசு சபைக் குரு கோழிக்கோட்டிலிருந்து புறப்பட்டு, மன்னார்க்காடு வழியாகக் காட்டையும் செங்குத்தான மலைச் சரிவையும் கடந்து நீலகிரிக்கு ஏறினார். விசுவாசத்தை விட்டு விலகிப்போன பழைய கிறிஸ்தவர்கள் அம்மலையில் வாழ்கிறார்கள் என்றொரு செய்தி அக்காலத்தில் மலையாளக் கரையில் உலவியது. அங்கமாலி ஆயர் பிரான்சிஸ்கு ரோஸ் அதைத் தீர விசாரிக்க விரும்பினார். ஃபெனிசியோ ஏறிப் பார்த்தார். அங்கே படகர்கள் இருந்தார்கள், எருமை மேய்க்கும் தோடர்கள் இருந்தார்கள். கிறிஸ்தவர் ஒருவரும் இல்லை. தோடர் குலப் பெண்களுக்குக் கண்ணாடியும் நூற்கண்டும் கொடுத்தார். அவர்களுடைய பூசாரியிடம் அமர்ந்து பேசினார். இறங்கி வந்து கண்டதைக் கண்டபடி மேலதிகாரிக்கு எழுதினார். நீலகிரியையும் தோடரையும் பற்றி ஐரோப்பியர் ஒருவர் எழுதியவற்றுள் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் ஏடு அந்தக் கடிதமே. மானிடவியலார் ரிவர்ஸ் 1906ஆம் ஆண்டில் வெளியிட்ட தோடர் பற்றிய பெருநூலின் பின்னிணைப்பில் அதன் ஆங்கில வடிவம் உண்டு. தேடிப் போனது இல்லை என்பதை மறைக்காமல் எழுதிய அந்த நேர்மைக்காகவே எங்களுக்கு அவர்மேல் தனி அன்பு. இல்லாத கிறிஸ்தவரை இருப்பதாக எழுதியிருந்தால் இன்னொரு பயணத்துக்குப் பொருளும் ஆளும் கிடைத்திருக்கும் அன்றோ!

அவர் நடந்த வழியே நாமும் ஐந்தாறு நாள் நடக்கலாம் என்பதுதான் முதற் கனவு. வரைபடத்தை விரித்ததும் அது கலைந்தது. அந்தப் பக்கத்து மலைகள் இன்று பெரும்பாலும் காவற்காடுகள்; அமைதிப் பள்ளத்தாக்கு 1984ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சோற்று மூட்டையும் போர்வையுமாக நான்கு பாதிரியார்கள் உள்ளே நுழைந்து இரவு தங்குவதற்கு அங்கே இடமில்லை, இருக்கவும் கூடாது. அது யானையின் வீடு. இதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீக்கு இரையான 23 பேரைக் கொங்கு நாடு எளிதில் மறக்காது. சென்னையிலிருந்து வந்தவர்களோடு ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து சென்றவர்களும் அந்த மலையில் இருந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைப்பாதைகளை முன்பதிவோடும் வழிகாட்டியோடும் திறந்துவிட்டது. காட்டுக்குள் போகிறவனுக்கு அனுமதிச் சீட்டு அவமானம் என்று எண்ணுகிறவர் எங்களிடையே எவருமில்லை.

ஆகவே கண்ணெதிரே நிற்கும் மலைக்கே வந்து சேர்ந்தோம். கோவைக்கு மேற்கே பூண்டியில் தொடங்கும் வெள்ளியங்கிரி. ஏழு மலைகளைத் தாண்டி, ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில், பெரும்பாறைகளின் இடையே வெள்ளியங்கிரி ஆண்டவர் வீற்றிருக்கிறார். தென்கயிலாயம் என்பது அதற்கு வழங்கும் பெயர். பிப்ரவரி முதல் மே வரையில்தான் ஏறுவதற்கு அனுமதி. ஒருவழிப் பாதை ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் என்று கேட்டதும், இவ்வளவுதானா என்று எங்களுள் ஒருவர் சிரித்தார். அந்த ஆறு கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வேண்டும் என்று தெரிந்த பின் அந்தச் சிரிப்பு திரும்பவில்லை.

மற்றொரு சமயத்தாரின் திருமலைக்குக் குருக்கள் போகலாமா என்று பங்கில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பிற சமயங்களில் உண்மையானதும் தூயதுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டிலேயே தெளிவாக்கிவிட்டது. ஆனால் அந்த ஏட்டைக் காட்டி வாயடைப்பது எங்கள் நோக்கமன்று. விருந்தாளி எப்படி ஒரு வீட்டுக்குள் நுழைவானோ அப்படிப் போவது என்று முடிவு செய்தோம். மது, மாமிசம் ஒரு மண்டலத்துக்கு இல்லை. கூட்டம் மிகும் சிவராத்திரியும் சித்திரைப் பௌர்ணமியும் வேண்டாம். அவை அம்மலைக்கு உரியவர்களின் நாட்கள். மேலே போய்ப் படம் எடுத்து எங்கும் பரப்புவதும் இல்லை.

இனி, பட்டியல். நால்வரும் தனித்தனியே எழுதியதைச் சேர்த்தபோது அறுபத்து மூன்று பொருள்கள் ஆயின. நாயன்மார் கணக்கு என்றார் நண்பர். மழைச் சட்டை, கம்பளி, இரண்டு போர்வை, கைவிளக்கு, மாற்று மின்கலம், மருந்துப் பெட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு (காட்டில் நெருப்பு மூட்டக் கூடாது என்பதால் அடுப்பு அன்றே அடிபட்டது), செபப் புத்தகம், கயிறு, மடக்கு நாற்காலி ஒன்று. நாற்காலியை எழுதியவர் யார் என்பது இறுதிவரை வெளிவரவில்லை. பைகளை ரேஷன் அரிசி நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தபோது ஆளுக்குப் பதினான்கு கிலோவுக்கு மேல் காட்டியது.

ஆலாந்துறைப் பக்கத்தில் சின்ன வெங்காயமும் மஞ்சளும் பயிரிடும் விவசாயி ஒருவர் எங்களுக்குப் பழக்கம். பதினெட்டு வயதிலிருந்து ஆண்டு தவறாமல் ஏறுகிறவர். அவரை அழைத்துப் பட்டியலைப் படித்துக் காட்டினோம். திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார்.

“ஏனுங்க சாமி, இத்தனையும் ஆருங்க தூக்கறது?”

“அவரவர் பையை அவரவர்தான்.”

“மேல போகப் போக மூட்டை கனம் ஏறுமுங்க. ஏழாவது மலையில சட்டைப் பையில கெடக்கற சில்லறை கூடக் கனக்குமுங்க.”

பிறகு அவர் சொல்லச் சொல்ல நாங்கள் அடித்தோம். தண்ணீர் மூன்று பாட்டில் வேண்டாம், ஒன்று போதும். கைதட்டிச் சுனையிலும் பாம்பாட்டிச் சுனையிலும் நிரப்பிக் கொள்ளலாம். அதுவும் அடிவாரச் சோதனையில் நெகிழியைத் தடுப்பார்கள், ஆகவே எவர்சில்வர். சோறு ஒரு வேளைக்குப் புளிச்சோறு. மற்ற நேரத்துக்கு பேரீச்சம்பழமும் கடலை மிட்டாயும். கம்பளி கட்டாயம், ஏனெனில் ஐந்தாம் மலைக்கு மேல் காற்று எலும்பைத் தொடும். போர்வை ஒன்று. இரவில் ஏறி விடியலில் உச்சியை அடைய வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாறை கொதிக்கும். முதல் மலையின் செங்குத்துப் படிகளிலேயே பாதிப் பேர் மூச்சு வாங்கித் திரும்புவதைப் பற்றி யோசிப்பார்கள். அங்கே பேச்சைக் குறைக்க வேண்டும். வழுக்குப்பாறையில் ஏறும்போது இல்லாத அச்சம் இறங்கும்போது வரும்.

“தடியை மட்டும் மறந்துராதீங்க சாமி. ஏத்தத்துக்கு இல்லீங்க, எறக்கத்துக்கு. முட்டிய அதுதானுங்க காப்பாத்தும்.”

அவர் வீட்டு மச்சில் ஆண்டுக்கு ஒன்றாகக் கொண்டுவந்த மூங்கில் தடிகள் முப்பதுக்கு மேல் கட்டி வைத்திருக்கிறாராம். அன்று மாலை மாற்கு நற்செய்திக்கு எங்கள் மேசையில் முழு வெற்றி. குருமடத்தில் மத்தேயுவின் பக்கம் நின்றவரே தடியைப் பட்டியலின் முதல் வரியில் எழுதினார்.

ஒரு பொருளைப் பற்றி மட்டும் விவசாயியிடம் கேட்க முடியவில்லை. திருப்பலிப் பெட்டி. சிறிய கிண்ணம், தட்டு, அப்பம், இரசம், மேசைத் துணி எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ இருக்கும். முப்பதாம் ஆண்டு நன்றிப் பலியை உச்சியில் ஒப்புக்கொடுக்காமல் வேறு எங்கே என்றார் எங்களுள் மூத்தவர். ஆண்டவர் சந்நிதிக்கு எதிரே இன்னொரு பீடம் விரிப்பது விருந்தாளியின் செயலன்று என்றார் மற்றொருவர். இருவர் சொல்லிலும் பக்தி இருந்தது. ஆகவேதான் முடிவு எளிதாக இல்லை. இயேசு சபைக் குருவும் புவியியல் ஆய்வாளருமான தெயார் த சார்தின் 1923ஆம் ஆண்டில் சீனத்தின் ஓர்டோஸ் பாலைநிலத்தில் அப்பமும் இரசமும் கிடைக்காத ஒரு நாளில், உலகின் உழைப்பையும் துன்பத்தையுமே காணிக்கையாக ஏந்திச் செபித்ததை மூத்தவரே நினைவுகூர்ந்தார். முந்தின நாள் மாலை ஊர்க் கோவிலில் மக்களோடு சேர்ந்து திருப்பலி, மலைமேல் மௌனம். பெட்டி பட்டியலிலிருந்து நீங்கியது. ஆளுக்கு ஐந்தரைக் கிலோ.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விடியற்காலையில் பி.ஏ.பி. வாய்க்கால் கரையில் ஒருவர் நடந்தார். மணிக்கூண்டுப் படிகளில் பையோடு ஏறி இறங்கினார் இன்னொருவர். சாமியாருக்கு என்ன வேண்டுதல் என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்டார்கள். திருத்தந்தை பதினோராம் பத்திநாதரைப் பற்றி அவர்களிடம் சொன்னோம். அவர் அக்கில்லே ராத்தி என்னும் இளங்குருவாக, மிலான் நூலகத்தில் பணிபுரிந்த 1889ஆம் ஆண்டில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன்தே ரோசாவைக் கடினமான கிழக்குச் சுவர் வழியாக ஏறி, நாலாயிரத்தைந்நூறு மீட்டருக்கும் மேலே ஒரு பாறை விளிம்பில் உறங்காமல் ஓர் இரவைக் கழித்தார். உறங்கினால் குளிரில் எழமுடியாது என்பதை அறிந்தே விழித்திருந்தார். மலையை நேசித்தவர்களிலும் கணக்கறிந்து நேசித்தவர் அவர்.

கணக்கு என்ற சொல் எங்களுக்குக் கடினமாகிப் போனது சனவரியில்தான். நண்பருக்கு ஓராண்டுக்கு முன்பு இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். சர்க்கரையும் உண்டு. இது எங்களுக்குத் தெரியாததன்று. அவர் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே வேறு கதைக்குத் தாவிவிடுவார். 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் வெள்ளியங்கிரியில் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் பக்தர்கள் பலர் இறந்தார்கள். இதய நோயாளர்கள் ஏற வேண்டாம் என்ற எச்சரிக்கையும் வந்தது. இறந்தவர்களுள் இளைஞரும் இருந்தனர். பட்டியலின் கடைசியில் “மருத்துவர் சான்று” என்ற வரியை நாங்கள் எழுதியபோது நண்பர் சிரிக்கவில்லை. மருத்துவர் ஒரே சொல்லில் கூடாது என்றார்.

பயணத்தை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கலாமா என்று பேசினோம். அடுத்த ஆண்டு அவருடைய இதயம் இளமையாகிவிடுமா என்று அவரே கேட்டார். வழுக்குப்பாறை வரை வருகிறேன் என்றார்; முதல் மலை வெள்ளை விநாயகர் கோவில் வரையாவது என்றார். எங்களுக்கு மறுக்க மனமில்லை, சம்மதிக்கத் துணிவுமில்லை. அன்றிரவு விவாதம் உணவு ஆறிய பிறகும் நீண்டது. ஒருவர் தானும் அடிவாரத்தில் தங்கிவிடுவதாகச் சொன்னார். அதை நண்பர் கோபத்தோடு மறுத்தார். என்னைக் காரணமாக்கி நீங்கள் தியாகம் செய்ய வேண்டாம் என்றார். முப்பது ஆண்டுகளில் அவர் எங்களிடம் குரலை உயர்த்தியது அதுவே முதல் முறை. மற்றவரைச் சுமப்பதைப் பற்றி எத்தனையோ மறையுரை ஆற்றியிருக்கிறோம். சுமக்கப்பட விரும்பாதவரிடம் என்ன சொல்வது என்பதற்கு எங்களிடம் ஒரு வரியும் இல்லை.

மறுநாள் காலை அவரே தொலைபேசியில் அழைத்தார். பூண்டிக்கு நால்வரும் போவது, மூவர் ஏறுவது. அடிவாரத்தில் வண்டியும் தொலைபேசியும் அவர் பொறுப்பு. மேலே பல இடங்களில் தொலைபேசி இணைப்புக் கிடையாது. ஆகவே யார் எந்த மலையில் எந்நேரம் இருக்க வேண்டும் என்ற கால அட்டவணை அவர் கையில் இருக்கும். குறித்த நேரத்துக்குள் நாங்கள் இறங்காவிட்டால் போளுவாம்பட்டி வனச்சரகத்தாரிடம் அவர் சொல்ல வேண்டும். இதை அவர் ஓர் ஆறுதல் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் மலைக்கு ஒன்றரை மணி என்று நாங்கள் எழுதியிருந்ததை இரண்டாக்கினார். உங்கள் வயதுக்கு, என்று சேர்த்துக்கொண்டார்.

பிப்ரவரி இரண்டாம் வாரம், திங்கள் இரவு பத்து மணிக்குப் புறப்பாடு என்று முடிவாகியிருக்கிறது. விவசாயி தடிகளை அனுப்பிவிட்டார். மூன்று கேட்டிருந்தோம், நான்கு வந்திருக்கின்றன. நான்காவதை நண்பர் தம் அறைக் கதவின் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறார். பட்டியலின் இறுதிப்படி அவரிடம் இருக்கிறது. செவ்வாய் மாலை நான்கு மணி வரை காத்திருப்பது என்று கடைசி வரியில் நாங்கள் எழுதியிருந்தோம். அவர் அந்த நான்கை அடித்துவிட்டு மூன்று என்று எழுதி, பக்கத்தில் கையொப்பமும் இட்டிருக்கிறார்.