சீசன் முடிந்த பிறகும் திறந்திருக்கும் கடை

கோத்தகிரியில் சொந்தமாக முடி வெட்டும் கடை வைக்கப் போகிறேன் என்று சொன்னதும், கோவையில் என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். டூரிஸ்ட்டுகளைப் பிடி, ஏப்ரலிலும் மேயிலும் சம்பாதித்தால் வருஷத்துக்கும் போதும் என்றார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் அந்த ஊரில் வளர்ந்தவள். வெளியூர்க்காரர்கள் கோடநாடு காட்சிமுனையும் கேத்தரின் அருவியும் பார்ப்பார்கள், வர்க்கியும் தேயிலைத்தூளும் வாங்குவார்கள், இருட்டுவதற்குள் ஊட்டிக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ கிளம்பிவிடுவார்கள். விடுமுறைக்கு மலையேறுகிறவர் வீட்டிலிருந்து புறப்படும் முன்பே முடி வெட்டிக்கொண்டுதான் வருகிறார். ரிசார்ட்டில் எப்போதாவது நடக்கும் கல்யாணத்துக்கு மேக்கப் போடக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வர இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற உத்தரவும் இருக்கிறது. வண்டிகளின் எண்ணிக்கையை நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது.

ஜூன் மாதத்திலும் ஜனவரியிலும் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். சுற்றியுள்ள ஹட்டி என்ற சிற்றூர்களில் வாழும் படகர் வீட்டுப் பெண்கள், எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற அம்மாமார், பள்ளிக்கூட டீச்சர்கள், நர்ஸுகள், வங்கியில் வேலை செய்கிறவர்கள், காலேஜ் பிள்ளைகள். 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இந்த மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்களின் பேத்திமாரும் உண்டு. கடை இவர்களுக்கானது என்று அன்றே முடிவு செய்தேன். மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்துதான் வந்தன.

பெரிய நிறுவனத்தின் கிளையாகவே தொடங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நிறுவனங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். நேச்சுரல்ஸ் 2000-ஆம் ஆண்டு சென்னை காதர் நவாஸ் கான் சாலையில் ஒரே ஒரு கடையாகத்தான் தொடங்கியது. அதுவும் அதைப் போன்ற நிறுவனங்களும் வந்த பிறகுதான், முடி வெட்டுவதைப் படிப்பாகப் படித்து மாதச் சம்பளத்துக்குப் போகலாம் என்று எங்களைப் போன்ற பெண்களின் வீடுகள் ஒப்புக்கொண்டன. ஆனால் கிளை என்றால் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே நேரம், ஒரே விலைப்பட்டியல், ஒரே மாதிரி வேலை. மலை அதற்கு ஒத்துவராது.

முதலில் குளிர். கோத்தகிரி ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், அதனால் எங்கள் கடையில் அது பெரும்பாலும் வெண்ணெய்க்கட்டியாகத்தான் இருக்கும். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை பாட்டிலை வெந்நீரில் வைப்பது. ஹேர் கலர் குளிரில் மெதுவாகத்தான் பிடிக்கும். டியூபில் இருக்கும் சாயத்தை ஹைட்ரஜன் பெராக்சைடோடு கலந்தால் நடப்பது வேதிவினை, சூடு குறைந்தால் வேகமும் குறையும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு வெதுவெதுப்பான அறைக்குப் பொருந்தும். ஜனவரி மாதத்துக் காலை வேளையில் அதை நம்பிக் கழுவிவிட்டால் காதோரத்து நரை அப்படியே நிற்கும். அறையில் ஹீட்டர் போட்டு, தலையைத் தொப்பியால் மூடி, ஒவ்வொரு தலைக்கும் கொத்து கொத்தாகத் துடைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பனிக்காலத்தில் காற்று வறண்டு தலைத்தோல் உரியும். பாதிப் பேர் அதைப் பொடுகு என்று நினைத்துக் கடுமையான ஷாம்பு வாங்கிப் போட்டு இன்னும் உரித்துக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு நான் விற்பது எதுவும் இல்லை. இளஞ்சூட்டு எண்ணெயும், கொதிக்கக் கொதிக்கத் தலைக்கு ஊற்றாதீர்கள் என்ற வார்த்தையும்தான்.

தண்ணீர் நல்ல தண்ணீர். கோவையில் போர் தண்ணீரில் நுரை வரவே ஷாம்பு நிறையப் போட்ட கை எனக்கு. இங்கே பாதி போதும், ஆனால் அலசத்தான் கூடுதல் நேரம் ஆகும். அந்த நல்ல தண்ணீர் கோடையில் கிடைப்பதுதான் பாடு. ஈளாடா தடுப்பணையில் நீர் இறங்கினால் குழாயில் விடும் நாட்களும் தள்ளிப்போகும். கடை பார்க்கும்போது பஜாருக்கு எவ்வளவு பக்கம் என்பதைவிட, மாடியில் எத்தனை லிட்டர் தொட்டி என்பதைத்தான் விசாரித்தேன். மண் வெட்டி எடுத்த சரிவை ஒட்டிய கட்டடங்களையும் வேண்டாம் என்று ஒதுக்கினேன். தொட்டபெட்டா மலை மறைப்பதால் தென்மேற்குப் பருவமழை எங்களுக்குக் குறைவு, எங்கள் மழை ஐப்பசி, கார்த்திகை மழை. 2009 நவம்பரில் அந்த மழையில்தான் நீலகிரி மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைப் பார்த்தவர்கள் வாடகை குறைவு என்று சரிவுக்கடியில் கடை எடுக்க மாட்டார்கள். அந்த மாதங்களில் மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இன்வெர்ட்டரில் டிரிம்மரும் விளக்கும் ஓடும், கீசர் ஓடாது. அதற்காகப் பின்னறையில் கேஸ் அடுப்பும் அண்டாவும் எப்போதும் தயார்.

ஸ்ட்ரெயிட்டனிங் பற்றிச் சொல்ல வேண்டும். கெரட்டின் என்றும் ஸ்மூத்தனிங் என்றும் கேட்டு வருகிற பிள்ளைகள் அதிகம். அந்த மருந்துகளில் பலவற்றைச் சூடான அயர்னால் இழுக்கும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வெளியாகும். கண் எரியும், மூச்சு இறுகும், நெடுங்காலம் சுவாசித்தால் புற்றுநோய் அபாயமும் உண்டு. சமவெளியில் ஜன்னலைத் திறந்து வைத்தாவது செய்யலாம். குளிருக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திய மலைக்கடையில் நாள் முழுக்க அதைச் சுவாசிக்கப் போவது என்னிடம் வேலை பார்க்கும் பெண். அதனால் அதை நான் செய்வதில்லை. கிளைக்கடை மேனேஜராக இருந்திருந்தால் மாத இலக்குக்காகச் செய்தே ஆக வேண்டியிருந்திருக்கும். சுருட்டை முடியை நீட்டித்தான் ஆக வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு உடன்பாடில்லை. கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் திம்பட்டிக்கு வந்து சேர்வதற்கு வெகு முன்பே, இந்த மலையின் தோடர் பெண்கள் தங்கள் முடியைச் சுருள் சுருளாக முறுக்கித் தோளில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றும் அவர்களின் மூத்த பெண்களிடம் அந்த அலங்காரத்தைப் பார்க்கலாம். சுருளை அழகாகச் செய்யத் தெரிந்த மலை இது.

நேரத்தையும் ஊர்தான் முடிவு செய்தது. தோட்டத்துக்கு ஞாயிறு லீவு, ஆகவே எனக்கு ஞாயிறுதான் பெரிய நாள். பஜாரில் ஆண்கள் சலூன்கள் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், நானும் அன்றைக்கே மூடிவிட்டுச் சாமான் வாங்கக் கோவைக்கு இறங்குகிறேன். மாலை ஆறு மணிக்கு ஷட்டர் இறங்கிவிடும். கோவை நண்பர்கள் அதைக் கேட்டு வியந்தார்கள். கோத்தகிரியில் கரடி ஊருக்குள் வரும், விளக்கு எண்ணெய்க்காகக் கோவில் கதவையே உடைக்கும். காட்டெருமை தெருவில் நிற்கும். என் கடையில் வேலை பார்க்கும் பெண் பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைக் காட்டுக்குள் நடந்துதான் வீடு சேர வேண்டும். ஏழு மணிக்கு வரும் ஒரு ஃபேஷியலுக்காக அவளை இருட்டில் நடக்க விட முடியாது. ஜனவரியில் படகர்களின் பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகைக்கு முந்தைய வாரம் மட்டும் காலை சீக்கிரமே திறப்போம். திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் ஊர் திரும்பி, வெள்ளை உடுத்தித் திரள்கிற காலம் அது.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் முக்கியம். கடைக்கு நாற்காலி வாங்கிய நாளில், வரிசைப்படி வந்தவர் வரிசைப்படி உட்காருவார், யாருக்கும் தனித் துண்டு, தனி சீப்பு கிடையாது, எல்லாருக்கும் ஒரே மாதிரி துவைத்த துண்டு என்று வைத்துக்கொண்டேன். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் பல கிராமங்களில் தலித்துகளுக்கு முடி வெட்ட மறுத்த சலூன்களைப் பற்றிய செய்திகள் இன்றும் வருகின்றன. வெட்டுகிறவரையும் அதே ஊர் சமமாக வைக்கவில்லை. முடி வெட்டிய சமூகத்துப் பெண்களே மருத்துவச்சிகளாக ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தார்கள். பிள்ளையை ஏந்திய அந்தக் கைக்குத் திண்ணையில் இடம் கிடைக்கவில்லை. பிறகு கண்ணாடிக் கதவும் ஏசியும் வந்தன, பிற சாதிக்காரர்கள் முதல் போட்டு வந்தார்கள், தொழிலுக்கு மதிப்பு வந்தது. நானும் அப்படி வந்தவள்தான், என் வீட்டில் எனக்கு முன் யாரும் கத்தரி பிடித்ததில்லை. மதிப்பு வந்த தொழிலில், அதைத் தலைமுறையாகக் காப்பாற்றியவர்களுக்கு உரிய பங்கு சேரவில்லை. இது என் மனதை உறுத்துகிற அநீதி. பஜாரில் ஒரு பெரியவர் இன்னும் மர நாற்காலியில் முடி வெட்டுகிறார். மலை ஈரத்தில் கத்தரி துருப்பிடிக்காமல் எப்படித் துடைத்து எண்ணெய் பூசி வைப்பது என்று கோவையில் எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை, அவர்தான் சொல்லித் தந்தார். “முடியப் பாக்காதம்மா, மண்டை எலும்பப் பாரு, அது சொல்லும் எங்க வெட்டணும்னு” என்பார். அவரை நான் என் ஆசிரியர் என்றுதான் சொல்கிறேன், கடைக்கு வருகிறவர்களிடமும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வயதான தோட்டத் தொழிலாளி ஒருவர் முதல் ஆளாக வந்துவிட்டு வாசல் ஓரத்திலேயே நின்றார். பின்னால் காரில் வந்த அம்மா நேராக நாற்காலிக்குப் போனார். “நீங்கதான் முதல்ல வந்தீங்க, உக்காருங்கம்மா” என்று தொழிலாளியை அழைத்தேன். “அவங்க முடிச்சுக்கட்டும் கண்ணு, எனக்கென்ன அவசரம்” என்றார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பல வருஷம் கூடைக் கயிறு அழுந்திய இடத்தில் அவருக்கு முடி மெலிந்து, கோடு போல வழுக்கை விழுந்திருந்தது. அதை மறைக்கும்படி வகிடு மாற்றி வெட்டினேன். காரில் வந்தவர் காத்திருந்தார், தன் முறைக்கு உட்கார்ந்தார், இன்றும் வருகிறார். அப்படிக் காத்திருக்க மனமில்லாமல் வராமல் போனவர்களும் உண்டு. அவர்களுக்காகச் சட்டத்தை மாற்ற மாட்டேன். நாற்காலி யாருடையது என்று தீர்மானிக்க முடியாவிட்டால் சொந்தக் கடை வைத்து என்ன பயன்?

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் சில தங்கைகளுக்கு அதுதான் தேவை. முத்ரா திட்டத்தில் முதல் முறை கடன் வாங்குகிறவருக்குப் பத்து லட்சம் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும், ஐம்பதாயிரம் வரையிலான சிறு கடனும் உண்டு. உத்யம் பதிவு இலவசம், ஏஜெண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. அட்வான்ஸுக்கு வட்டிக்காரரிடம் போகாதீர்கள், சிறிய கடையாக எடுத்தாலும் பரவாயில்லை. ஒரு நாற்காலி, ஒரு ஷாம்பு பேசின், நல்ல கத்தரி இரண்டு, பெரிய தண்ணீர்த் தொட்டி. டை போடுவதற்கு 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கும் சோதனையை ஒருபோதும் விடாதீர்கள். தூரத்து ஹட்டியிலிருந்து வருகிறவருக்கு அது இரண்டு பஸ் பயணம் என்று தெரியும். காய்கறி வாங்க வரும் நாளில் தடவி அனுப்புங்கள், அடுத்த முறை வரும்போது போட்டுவிடுங்கள்.

கோவையிலும் திருப்பூரிலும் கூட்டமான கடைகளில், நாள் முழுக்க நின்று யாரோ ஒருவருடைய இலக்கை முடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிற மலைப்பெண்கள் எத்தனையோ பேர். இங்கேயோ, புருவம் திருத்துவதற்காகச் சோலூர்மட்டத்துப் பெண்கள் பஸ் ஏறி என் கடைக்கு வருகிறார்கள். அங்கேயே ஒரு கடை இருந்தால் அவர்கள் ஏன் இவ்வளவு தூரம் வர வேண்டும்? கை தேர்ந்துவிட்டது என்று தோன்றினால் மலைக்குத் திரும்பி வாருங்கள். எனக்குப் போட்டியாகவே வாருங்கள்.